பின்னால் பொருத்திய காவல்: வடசென்னை வாகனத் தொழிலில் பாதுகாப்பும் நம்பிக்கையும்

தொழிற்சாலையிலிருந்து வரும்போது வாகனத்தோடு வராமல், பின்னர் கடையிலோ பட்டறையிலோ வாங்கிப் பொருத்தப்படும் ஓட்டுநர் உதவிக் கருவிகள் இந்தியச் சாலைகளுக்குப் புதியவை என்றே பொதுவாகப் பேசப்படுகின்றன. முன்னே செல்லும் வண்டியை அளவுக்கு மீறி நெருங்கினால் ஒலியெழுப்பும் கேமராவும், ஓட்டுநரின் கண் செருகினால் அவரை உசுப்பும் பெட்டியும், சில வெளிநாட்டுக் கார்களில் ஸ்டீரிங்கையே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் கணினியும் இந்த வகையில் அடங்கும். கருவிகள் புதியவைதாம்; ஆனால் வாகனத்தைச் செய்தவர் ஒருவராகவும் அதற்குக் காவல் சேர்ப்பவர் இன்னொருவராகவும் இருக்கும்போது அந்தக் காவலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி, ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுகக் கரையில் நெடுங்காலமாகவே இருந்து வருவது. அந்தக் கரையின் தொழில்கள் அதற்கு எழுத்தில் எந்த விடையும் தரவில்லை. பழக்கத்தில் தந்திருக்கின்றன, அந்தப் பழக்கமோ பிற்காலச் சட்டத்தைவிடச் சில இடங்களில் நுட்பமானது.

சென்னைக்குத் துறைமுகம் வருமுன் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரமிட்டன. ஆட்களையும் சரக்கையும் அலைமடிப்பைத் தாண்டிக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய இப்படகுகள், அலை தூக்கி மணலில் அறைந்தாலும் உடையாமல் நெளிந்துகொடுக்கும் வகையில் அமைந்திருந்தன. படகின் ஓட்டமும் திருப்பமும் தண்டல் எனப்பட்ட தலைவரின் பொறுப்பில் இருந்தன. கொந்தளிப்பு மிகுந்த நாட்களில் கட்டுமரக்காரர்கள் படகுக்குப் பக்கத்திலேயே துணைக்குச் சென்றனர். படகு கவிழ்ந்தால் பயணிகளை இழுத்து ஏற்றுவது அவர்கள் வேலை. உயிர் காத்தவர்களுக்குப் பதக்கம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. படகுக்குள் எதையும் மாற்றாமல், தண்டலின் கையிலிருந்து துடுப்பையும் வாங்காமல், தவறு நேர்ந்தபின் அதன் விளைவைக் குறைக்க மட்டுமே வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட காவல் அது. 1861இல் இரும்புப் பாலத்துறை கட்டப்பட்டதும், 1875இல் தொடங்கிய துறைமுகப் பணி 1881 நவம்பர் புயலில் சிதைந்து மீண்டும் எழுந்ததும், 1904க்குப் பின் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலை வடகிழக்குக்கு மாற்றி அமைத்ததும் அந்தப் படகுத் தொழிலைப் படிப்படியாக முடித்துவைத்தன.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு ராயபுரத்திலேயே இருந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணி ரயிலில் எஞ்சின், பெட்டி, பாதை, கொடி, ஓட்டுநர், கார்டு ஆகிய அனைத்தும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தன. ஏதேனும் கெட்டால் பதில் சொல்லவேண்டியவர் யார் என்பதில் ஐயம் எழவில்லை. சாலை வாகனத்துக்கு இந்த வசதி ஒருநாளும் வாய்க்கவில்லை.

ரகுநந்தன் சரண் 1948 செப்டம்பரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் முதலில் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்துடன் கூட்டு ஏற்பட்டு, அது முதலீட்டிலும் பங்கு பெற்றபின், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. கார் போய் லாரியும் பேருந்தும் வந்தன. இங்கே கவனிக்கவேண்டியது, அந்த ஆலை பல்லாண்டுகள் பெரும்பாலும் முழு லாரியை விற்கவில்லை என்பது. அது விற்றது சேஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் அச்சும் ஸ்டீரிங்கும் பூட்டிய இரும்புச் சட்டகம். கதவும் கூரையும் பின்புறப் பெட்டியும் அதில் கிடையா. எண்ணூர் வாயிலிலிருந்து அந்தச் சேஸை ஊர் ஊராக ஓட்டிக் கொடுக்கவே தனியாக ஓட்டுநர்கள் இருந்தனர். தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு, தற்காலிகமாகக் கட்டிய இருக்கையில் அமர்ந்து, எதிர்க்காற்றையும் மழையையும் மேலிலேயே வாங்கியபடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிச்சென்ற இவர்களைப் பற்றித் தொழில் வரலாறுகள் அநேகமாக ஒன்றும் எழுதவில்லை. சேஸ் போய்ச் சேர்ந்த இடம் நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் போன்ற ஊர்களின் பாடி கட்டும் பட்டறை. ஓட்டுநரின் கேபின் மரத்தாலும் தகட்டாலும் அங்கேதான் எழுந்தது. கண்ணாடியின் உயரம், பக்கத்துக் கண்ணாடியின் கோணம், விளக்குகளின் இடம், பின்புறத் தடுப்பு ஆகியவை அந்த ஆசாரியும் வண்டி உரிமையாளரும் பேசி முடிவு செய்தவை. ஓட்டுநர் எதை எவ்வளவு பார்க்கமுடியும் என்பதை எண்ணூர்ப் பொறியாளர் தீர்மானிக்கவில்லை.

ஆகவே பின்னர் பொருத்துவது என்பது இந்திய லாரியில் விதிவிலக்கு அன்று. லாரியே அப்படித்தான் உருவாயிற்று. 1969இல் அசோக் லேலண்ட் கனரக வண்டிக்குப் பவர் ஸ்டீரிங் தந்ததை ஒரு மைல்கல்லாகச் சொல்வதுண்டு, அது நியாயமே. ஆனால் அந்த ஸ்டீரிங்கைப் பிடித்தவர் மோதலில் பிழைப்பாரா என்பதை ஆலைக்கு வெளியே செய்த கேபினே தீர்மானித்தது. பேருந்தின் பாடிக்கும் லாரியின் பாடிக்கும் நாடு தழுவிய தரவிதிகள் எழுதப்பட்டது இருபத்தொன்றாம் நூற்றாண்டில்தான். அதுவரை பட்டறையின் பெயரே உத்தரவாதம். எந்த ஊரில் யார் கட்டிய பாடி என்று கேட்டே வண்டியின் விலை பேசப்பட்டது. கெட்டுப்போனால் திரும்பிச் சென்று நிற்க ஒரு வாசல் இருந்தது என்பதே அந்தப் பெயரின் பொருள்.

எண்ணூருக்குச் சற்றுத் தெற்கே, திருவொற்றியூரில், இதே கேள்விக்கு மேலும் துல்லியமான ஒரு விடை ரப்பரில் உருவாயிற்று. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் அங்கே ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார்; பிற்பாடு எம்.ஆர்.எஃப். என்று நாடறிந்த அந்த நிறுவனம் 1952இல் ட்ரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கியது. டயரின் வெளிப்புறத்தில் சாலையைப் பற்றிக்கொள்ளும் வரிப் பகுதிக்குத் தமிழ்நாட்டு லாரிக்காரர்கள் பட்டன் என்பார்கள். பட்டன் தேய்ந்து டயர் மொட்டையானபின் உள்ளேயுள்ள நூலடுக்குக் கூடு இன்னும் உரத்தோடு இருந்தால், அதன் மேற்பரப்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ரப்பர் பசை தடவி, புதிய ட்ரெட் ரப்பரைச் சுற்றி, அச்சில் இட்டுச் சூட்டில் வேகவைத்து மீண்டும் பட்டன் எடுக்கலாம். இதுவே ரீட்ரெடிங். புதிய டயர் கிடைப்பதே அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த ஐம்பதுகளில் லாரித் தொழில் இந்த வேலையின் மேல்தான் நின்றது. 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு எம்.ஆர்.எஃப். முழு டயரே செய்யத் தொடங்கிய பின்னும் ரீட்ரெட் தொழில் மறையவில்லை.

ரீட்ரெட் செய்த டயர் வெளிப்பார்வைக்குப் புதியதுபோல் இருக்கும்; உள்ளே கூடு எத்தனை சுமையைத் தாங்கி எத்தனை முறை சூடேறியிருக்கிறது என்பதைக் கண்ணால் காணமுடியாது. சுமை மிகுந்து சூடேறினால் புதிய பட்டை கூட்டிலிருந்து பிரிந்து நாடாவாக உரிந்துவிடும்; நெடுஞ்சாலை ஓரங்களில் கிடக்கும் கறுத்த ரப்பர்க் கீற்றுகளில் பல இவ்வாறு பிரிந்தவை. இந்த ஐயத்தை வைத்துக்கொண்டு தொழில் என்ன செய்தது என்பதுதான் முக்கியம். ரீட்ரெட் டயரை முற்றிலும் நம்பவும் இல்லை, முற்றிலும் ஒதுக்கவும் இல்லை. முன்சக்கரத்தில் புது டயரைப் போட்டு, ரீட்ரெட் டயரைப் பின்னச்சில் போட்டார்கள். முன்சக்கரம் வெடித்தால் ஸ்டீரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொள்ளும், வண்டி எதிர்த்திசைக்குள் பாயும். பின்னச்சிலோ ஒவ்வொரு பக்கமும் இரண்டு டயர் சேர்ந்து ஓடுவதால் ஒன்று போனாலும் மற்றது சிறிது தூரம் தாங்கி, வண்டியை ஓரம் கட்ட அவகாசம் தரும். பின்னர் சேர்த்த பொருள் பழுதானால் அந்தப் பழுதை வண்டி தாங்கக்கூடிய இடத்திலேயே அதைச் சேர்க்கவேண்டும் என்ற இந்த விதியை எந்தப் பொறியியல் நூலும் திருவொற்றியூருக்குக் கற்றுத்தரவில்லை. இன்றைய ஓட்டுநர் உதவிக் கருவிகளைப் பற்றிய விவாதங்களில் இதைவிடத் தெளிவான அளவுகோல் இன்னும் வரவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

கிளீனர் என்ற மனிதரும் இந்த அளவுகோலுக்குள் அடங்குபவரே. இந்திய லாரியில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். உயர்ந்த கேபினிலிருந்து இடப்பக்க முன்சக்கரத்தின் அருகே நிற்கும் சைக்கிளோ ஆளோ அவருக்குத் தெரிவதில்லை. இவ்வாறு கண்ணாடியிலும் நேர்பார்வையிலும் அகப்படாத இடத்தைப் பொறியாளர்கள் பிளைண்ட் ஸ்பாட் என்கின்றனர், தமிழில் மறைவிடம் எனலாம். அந்த மறைவிடத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர் கிளீனர். ராயபுரத்தின் கல்மண்டபம் சாலையிலும் தண்டையார்பேட்டைத் தெருக்களிலும் லாரி திரும்பும்போது இடப்பக்கச் சன்னலுக்கு வெளியே உடம்பில் பாதியை நீட்டி, உள்ளங்கையால் கதவுத் தகட்டைத் தட்டியபடி அவர் வழி சொல்வார். விட்டுவிட்டுத் தட்டினால் வரலாம், ஓங்கிச் சேர்த்து அடித்தால் நிறுத்து. பின்னோக்கி எடுக்கையில் இறங்கிப் பின்னால் ஓடி, “வா, வா, வரலாம், ஒடிச்சு வா, போதும்” என்று குரல் கொடுப்பார். எஞ்சின் இரைச்சலில் சொல் கேட்காது போனாலும் தகட்டின் அதிர்வு கேட்கும். கிளீனர் எச்சரிப்பாரே தவிர ஸ்டீரிங்கைத் தொடமாட்டார். அவர் தப்பாகச் சொன்னால் ஓட்டுநர் திட்டுவார். அடிக்கடி தப்பாகச் சொன்னால் வேறு ஆள் வருவார். சரியாகச் சொன்னால் சில ஆண்டுகளில் அவரே ஓட்டுநர் ஆவார். எச்சரிக்கும் கருவிக்குத் தான் காக்கும் தொழிலைக் கற்கும் வாய்ப்பும், தன் பிழைக்கு விலை கொடுக்கும் நிலையும் ஒருசேர இருந்தது அந்த ஏற்பாட்டில்தான். அது உயர்வானது என்று சொல்லிவிடவும் கூடாது. மிகக் குறைந்த கூலிக்கு, பெரும்பாலும் சிறுவர்களை வைத்து, சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் அவர்களை நிற்கவைத்து நடந்தது அந்தக் காவல்.

1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டதோடு கரையின் வாகனமே மாறிற்று. சரக்கை மூட்டையாகவும் பேழையாகவும் ஏற்றிய லாரியின் இடத்தில், இழுக்கும் முன்வண்டி ஒன்றும் அதன் பின்னால் கொக்கியில் மாட்டிக் கழற்றக்கூடிய நீண்ட தட்டு ஒன்றுமாகச் சேர்ந்த டிரெய்லர் வந்தது. ஒரு நாற்பதடிப் பெட்டி சரக்கோடு சேர்ந்து 30 டன் வரை எடையுடையதாக இருக்கலாம். அதைத் தட்டோடு பிணைப்பது எடை அன்று, ட்விஸ்ட் லாக் எனப்படும் சிறு இரும்புப் பூட்டு. பெட்டியின் நான்கு கீழ்மூலைகளிலும் நீள்வட்டத் துளையுள்ள எஃகு வார்ப்பு உண்டு. தட்டிலிருந்து நிமிர்ந்து நிற்கும் பூட்டின் தலை அந்தத் துளைக்குள் நுழைந்தபின் கைப்பிடியால் அதைக் கால்வட்டம் திருப்பினால் தலை குறுக்கே நின்று பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் 1956இல் மால்கம் மெக்லீன் தொடங்கிய கண்டெய்னர் வாணிகம் உலகெங்கும் பரவியதற்கு இந்தக் கால்வட்டத் திருப்பமும் ஒரு காரணம்.

இரும்புக் கம்பியையும் சுருளையும் ஏற்றப் பழகிய சமதளத் தட்டுகளே இங்கு முதலில் பெட்டிக்கும் பயன்பட்டதால், பூட்டுகளைப் பின்னர் வெல்டிங் வைத்துச் சேர்க்கவேண்டியிருந்தது. பூட்டில்லாத தட்டிலும், பூட்டு இருந்தும் திருப்பாத தட்டிலும் பெட்டி வெறும் தன் எடையால் மட்டும் உட்கார்ந்து போகும். நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியாது, வளைவில் வேகம் கூடினால் பெட்டி பக்கத்தில் செல்லும் வண்டியின் மேல் சரியும். வெல்டர் வைத்த பற்று எத்தனை டன் இழுப்பைத் தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பூட்டைத் திருப்பாமல் விடுவதற்குக் காரணம் சொல்லும் ஓட்டுநர்களும் உண்டு: பெட்டி கவிழ்ந்தால் பூட்டியிருக்கும் முன்வண்டியையும் சேர்த்துப் புரட்டும், பூட்டாவிட்டால் பெட்டி மட்டும் விழும், கேபின் பிழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. ரீட்ரெட் டயரைப் பின்னால் போட்ட அதே கணக்குதான் இது, ஆனால் ஒரு வேறுபாட்டோடு. இங்கே பழுதைத் தாங்குவது வண்டி அன்று, பக்கத்தில் போகும் இருசக்கர வாகனக்காரர். தொழிலின் பழக்கவிதி தொழிலுக்கு வெளியே உள்ளவரை எண்ணாதபோது எங்கே இடறும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை. அரசுக்கு இங்கே ஒரு வேலை உண்டு என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது.

அந்த வேலையைச் சட்டம் தாமதமாகவும் தயக்கத்தோடும் செய்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்று, லாரிக்காரர் மொழியில் எஃப்.சி., வேண்டும் என்று இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. உரிமையாளர் தாமே செய்யும் மாற்றங்களை அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. காப்பதாகத் தோன்றும் எல்லாச் சேர்ப்பும் காப்பதில்லை என்பதை அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நிகழ்வு 2017 டிசம்பரில் வந்தது. கார்களின் முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பித் தடுப்புகளை, கடைத்தெருவில் கிராஷ் கார்டு என்று விற்கப்படுபவற்றை, அகற்றும்படி மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் விசையை நசுங்கி வாங்கிக்கொள்ளவேண்டிய முன்பகுதியை அந்தக் கம்பி விறைப்பாக்கி, காற்றுப்பை விரியவேண்டிய தருணத்தையும் குழப்பக்கூடும். நடந்து செல்பவருக்கோ அது நேரடியான ஆயுதம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் பாதுகாப்புக்கென்றே விற்ற ஒரு பொருள், பாதுகாப்பின் பெயராலேயே விலக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் ஸ்பீடு கவர்னர் தனித்து நிற்கிறது. பின்னர் பொருத்தப்பட்டவற்றுள் ஓட்டுநரின் கையை மீறிச் செயல்பட்ட முதல் கருவி அதுவே எனலாம். 2015 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி பெரும்பாலான போக்குவரத்து வாகனங்களுக்கு மணிக்கு 80 கிலோமீட்டரும், டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து, அபாயச் சரக்கு வண்டி ஆகியவற்றுக்கு 60 கிலோமீட்டரும் உச்சவரம்பாயின. புதிய வண்டிகளில் ஆலையே அதைப் பொருத்தும். முன்பே ஓடிக்கொண்டிருந்தவற்றில் வெளியே வாங்கிப் பொருத்தவேண்டும். பழைய வண்டியில் அதன் வேலைமுறை எளியது: கியர்ப் பெட்டியிலிருந்து வேகத்தின் துடிப்பை ஒரு கம்பி கொண்டுவரும், சிறு பெட்டி அதை எண்ணும், வரம்பைத் தொட்டதும் டீசல் குழாயில் உள்ள மின்வால்வு எண்ணெய் வரத்தைக் குறைக்கும். இணைப்புகளின் மேல் முத்திரை இருக்கும்.

முத்திரை நம்பிக்கைக்கு உரியதாக இருக்கவேண்டுமானால் அதை வைத்தவர் பிறகும் பதில் சொல்பவராக இருக்கவேண்டும். கவர்னரில் அது நிகழவில்லை. கருவியின் மாதிரிக்கு ஒப்புதல் ஒரு சோதனை நிலையத்தில் கிடைத்தது, பொருத்தியவர் வேறொருவர், சான்று பார்த்தவர் மூன்றாமவர், மலையேற்றத்தில் எண்ணெய் போதாமல் வண்டி திணறியபோது சாலையில் அதை எதிர்கொண்டவர் நான்காமவர். விளைவாக, எஃப்.சி. நாளில் மாட்டிக்காட்டிப் பின் கம்பியைக் கழற்றிவிடும் வழக்கம் நாடெங்கும் பரவியது. இதை ஓட்டுநர்களின் ஒழுங்கீனம் என்று மட்டும் எழுதுவது எளிது, ஆனால் போதாது. ரீட்ரெட் பட்டறைக்கு ஒரு வாசல் இருந்தது, கிளீனருக்கு ஒரு முகம் இருந்தது. கவர்னருக்கு இருந்தது ஒரு சான்றிதழ் மட்டுமே. சான்றிதழின் நோக்கம் சான்று பெறுவதோடு முடிந்தபின் கருவி வண்டியில் சுமையாகத்தான் தங்கியது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையின் டிரெய்லர் வரிசையில் 80 என்ற எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது என்பது வேறு. செங்குன்றம் தாண்டி நெல்லூர்ச் சாலையில் ஏறினால்தான் அது நினைவுக்கு வரும்.

இப்போது கண்ணாடியில் ஒட்டப்படும் கேமராக்கள் இந்தப் பின்னணியில்தான் வந்து சேர்கின்றன. ஒற்றைக் கேமராவைக் கொண்ட கருவி தூரத்தை நேராக அளப்பதில்லை. முன்வண்டியின் சக்கரம் சாலையைத் தொடும் கோடு படத்தில் எவ்வளவு உயரத்தில் விழுகிறது என்பதிலிருந்து அதைக் கணக்கிடுகிறது. அதற்குக் கேமரா தரையிலிருந்து எத்தனை உயரத்தில், முன்முனையிலிருந்து எத்தனை தூரத்தில், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பவற்றைப் பொருத்துபவர் துல்லியமாகப் பதியவேண்டும். பாடி கட்டும்போது கண்ணாடியின் உயரம் வண்டிக்கு வண்டி மாறிய ஒரு நாட்டில், இந்த ஒரு பதிவில் சில அங்குலம் தவறினாலும் எச்சரிக்கை முந்தியோ பிந்தியோ ஒலிக்கும். தடம் விலகினால் எச்சரிக்கும் வசதிக்குச் சாலையில் வெள்ளைக்கோடு தெரியவேண்டும். மணலும் நிலக்கரித் தூளும் படிந்த துறைமுகச் சாலைகளில் கோடு எங்கே என்று தேடுவது மனிதக் கண்ணுக்கே வேலை. பின்விளக்கு எரியாத டிரெய்லர், தட்டுக்கு வெளியே பல அடி நீண்டு நிற்கும் இரும்புக் கம்பி, எதிர்த்திசையில் வரும் மீன்பாடி வண்டி ஆகியவற்றை வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பயின்ற மென்பொருள் என்னவென்று எடுத்துக்கொள்ளும் என்பது அதை விற்பவருக்கே உறுதியாகத் தெரிவதில்லை. நெரிசலில் நிமிடத்துக்கு நான்குமுறை வீணாக ஒலிக்கும் கருவியின் குரலை ஓட்டுநர் முதலில் குறைப்பார், பிறகு அடைப்பார். கதவைத் தட்டிய கிளீனரும் வீணாகத் தட்டினால் இதே கதிதான், ஆனால் எப்போது தட்டக்கூடாது என்பதை அவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்.

தூக்கத்தைக் கண்டறியும் கருவியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியது உண்டு. அது இமை மூடும் நேரத்தையும் தலை சாயும் கோணத்தையும் பார்த்து ஓட்டுநரை எழுப்புகிறது. அவர் ஏன் தூங்கவில்லை என்று கேட்பதில்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வெளியே தொடங்கித் திருவொற்றியூரைத் தாண்டி நீண்ட டிரெய்லர் வரிசைகள் பல ஆண்டுகள் இந்தக் கரையின் அன்றாடக் காட்சி. வரிசை நகரும்போது நகர்த்தாவிட்டால் இடம் போய்விடும் என்பதால் இரவு முழுவதும் அரைத்தூக்கத்தில் இருந்தவரே விடிந்ததும் பெட்டியோடு நெடுஞ்சாலைக்குச் செல்வார். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணிநேர வேலை என்று வரையறுத்திருந்தது. வரிசையில் காத்திருந்தது வேலையா ஓய்வா என்பதில் யாரும் உரிமையாளரோடு வாதிட்டு வென்றதாகத் தெரியவில்லை. தேசிய அனுமதி பெற்ற லாரிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்றிருந்த விதியும் 2018இல் நீக்கப்பட்டது. கூலி மிச்சம் பிடிக்கக் கிளீனரும் இறக்கப்பட்டபின் கேபினில் மிஞ்சியது ஒருவர். அவருக்குத் துணையாக வந்திருக்கும் பெட்டிக்கு அவரை எழுப்பத் தெரியும், அவர் இடத்தில் உட்காரத் தெரியாது.

இந்தியாவில் பின்னர் பொருத்தும் எச்சரிக்கைக் கருவிகளை ஒரு பொதுநிறுவனம் கூட்டாகச் சோதித்த நிகழ்வாக 2021இல் நாக்பூரில் தொடங்கிய ஐராஸ்டே திட்டத்தைச் சொல்லலாம். மாநகராட்சிப் பேருந்துகளில் இக்கருவிகளைப் பொருத்தி, எச்சரிக்கைகள் அடிக்கடி எழும் இடங்களை வரைபடத்தில் குறித்து, விபத்து நேருமுன்பே சாலையின் குறையைக் கண்டுபிடிக்க அங்கே முயன்றனர். கருவி ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்லாமல் சாலையையும் சுட்டிக்காட்டும் இந்தப் பயன், எண்ணூர்ச் சாலைக்கு மிகவும் பொருத்தமானது. இதற்கு எதிர்முனையில் நிற்பது அமெரிக்காவின் காமா நிறுவனம். ஆலையிலேயே மின்ஸ்டீரிங் உள்ள கார்களின் உள்தகவல் கம்பியில் இணைந்து ஸ்டீரிங்கையும் பிரேக்கையும் தானே இயக்கும் ஒரு கருவியை 999 டாலருக்கு விற்கப்போவதாக அதன் நிறுவனர் ஜார்ஜ் ஹாட்ஸ் அறிவித்திருந்தார். அது பாதுகாப்பானது என்பதற்கு விளக்கம் கேட்டு 2016 அக்டோபரில் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கடிதம் அனுப்பியதும் விற்பனையைக் கைவிட்டு, சில வாரங்களில் மென்பொருளை எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். விற்பவர் விலகிக்கொண்டார், பொறுப்பு, பதிவிறக்கிப் பொருத்திக்கொள்பவரின் தலையில் இறங்கிற்று. திருவொற்றியூரின் கணக்கில் பார்த்தால் இது ரீட்ரெட் டயரை முன்சக்கரத்தில் மாட்டுவதே. அந்த மென்பொருளைப் பயன்படுத்துவோரில் பலர் கவனமாகவே ஓட்டுகின்றனர் என்பது இந்தக் கணக்கை மாற்றாது.

2025 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு அறிவிக்கை, புதிதாக வரும் கனரக லாரி, பேருந்து மாதிரிகளில் 2026 ஏப்ரல் முதல் அவசரத் தானியங்கிப் பிரேக், தூக்க எச்சரிக்கை, தடவிலகல் எச்சரிக்கை ஆகியவை இருக்கவேண்டும் என்று முன்மொழிந்தது. இவற்றை ஆலையே பொருத்தும் என்பதால் பதில் சொல்பவர் யார் என்ற பழைய சிக்கலில் பாதி இதனால் தீரும். மறுபாதி டிரெய்லரின் கொக்கியில் இருக்கிறது. முன்வண்டியும் பின்தட்டும் தனித்தனியே பதிவாகும் இரு வாகனங்கள். காலையில் ஒரு தட்டை இழுத்த முன்வண்டி மாலையில் வேறொன்றை இழுக்கும். புதிய முன்வண்டி தானாகவே முழு விசையில் பிரேக் பிடிக்கும் நொடியில், பின்னால் 30 டன் பெட்டியைச் சுமந்து வரும் பழைய தட்டின் பிரேக் காற்று தாமதமாக வந்தாலோ, அதன் சக்கரங்கள் இறுகி வழுக்கினாலோ, தட்டு முன்வண்டியைத் தள்ளிக் கொக்கியில் மடியும். ஓட்டுநர்கள் இதைத் தடுக்கவே தட்டின் பிரேக் எப்படியென்று முதல் கிலோமீட்டரிலேயே மெல்ல அழுத்திப் பார்த்துக்கொள்கின்றனர். அந்தத் தட்டுகளில் பல, பூட்டை வெல்டிங் வைத்துச் சேர்த்த காலத்தவை. அவற்றின் பிரேக்கைச் சோதித்து எந்த முன்வண்டியோடு சேர்க்கலாம் என்று கையெழுத்திட ஒருவரை வைக்காமல் அவசரப் பிரேக்கை இந்தக் கரைக்குக் கொண்டுவருவது, பதில் சொல்லும் ஆளில்லாத இன்னொரு முத்திரையையே வண்டிகளின் மேல் வைக்கும்.